‘வில்லிங்’ என்றால் ஆசையா, சம்மதமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் சாயங்கால நேரத்தில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்துகிறேன். காட்டேஜ் வரவேற்பில் நிற்பவர்கள், டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுபவர்கள், தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுபவர்கள், படிப்பை முடித்துவிட்டு வேலைக்காகக் கீழே இறங்கப் போகிறவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். (மலைக்காரர்களுக்குப் பர்லியாறு தாண்டினால் எல்லாமே ‘கீழே’தான். அது கோயம்புத்தூரானாலும் சரி, சென்னையானாலும் சரி.) இவர்கள் அத்தனை பேரையும் ஏதாவது ஒரு சமயத்தில் தடுக்கி விடுகிற சொல் ‘வில்லிங்’. இன்டர்வியூவில் வருகிறது, அரசு படிவத்தில் வருகிறது, கிரய ஒப்பந்தத்தில் வருகிறது, கல்யாணப் பேச்சில்கூட வருகிறது. வகுப்பில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன், வாய்விட்டுப் படிக்க வசதியாக இருக்கும்.

வில்லிங் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லி யாராவது கேட்டால், மறுக்காமல் செய்ய மனம் இசைந்திருப்பது. சம்மதம், இசைவு, ஒப்புதல் என்ற வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசை, ஆவல், ஏக்கம் வரிசையில் வைக்காதீர்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அடுத்து வருகிற கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

அகராதியில் ‘விருப்பமுள்ள’ என்றுதானே போட்டிருக்கிறது? அது தப்பா?

தப்பில்லை. ஆனால் தமிழில் ‘விருப்பம்’ இரண்டு வேலை பார்க்கிறது. ‘எனக்கு வீணை கற்றுக்கொள்ள விருப்பம்’ என்றால் அது ஆசை. ‘இடமாறுதலுக்கு விருப்பம் தெரிவித்துள்ளார்’ என்று அலுவலகக் கடிதத்தில் வந்தால் அது சம்மதம். வில்லிங் இந்த இரண்டாவது வேலையைத்தான் பார்க்கும். நாம் அதைத் தூக்கி முதலாவது இடத்தில் போட்டுவிடுகிறோம். ‘ஐ ஆம் வில்லிங் டு சீ தி பொட்டானிக்கல் கார்டன்’ என்று ஒருவர் சொன்னால், ஆங்கிலம் பழகிய காதுக்கு அது ‘சரி, இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள், வந்து தொலைக்கிறேன்’ என்பது போலக் கேட்கும். பாவம், அவர் ஊட்டி பூங்காவைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றுதான் சொல்ல வந்தார். அதற்கு ‘ஐ வுட் லைக் டு சீ’ போதும்.

நைட் ஷிப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் புல்தரையெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிற ராத்திரி, குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க யாருக்கு ஆசை வரும்? ஆனாலும் ‘ஐ ஆம் வில்லிங் டு ஒர்க் நைட் ஷிப்ட்ஸ்’ என்று தாராளமாகச் சொல்லலாம். அதில் பொய் ஒன்றும் கிடையாது. பிடிக்குமா என்று உங்களை யாரும் கேட்கவில்லை, போட்டால் பார்ப்பீர்களா என்றுதான் கேட்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் வாக்கியத்துக்கு முன்னால் ‘நீங்கள் கேட்டால்’ என்று சேர்த்துப் பாருங்கள். ‘நீங்கள் கேட்டால் நைட் ஷிப்ட் பார்ப்பேன்’ பொருந்துகிறது, எனவே வில்லிங். ‘நீங்கள் கேட்டால் எனக்குப் பசிக்கிறது’ பொருந்தவில்லை, எனவே வேறு சொல் தேட வேண்டும்.

சட்டமும் இந்த அர்த்தத்தில்தான் எடுத்துக்கொள்கிறது. 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், ‘முன்மொழிவு’ என்றால் என்ன என்பதை 2(ஏ) பிரிவில் விளக்கும்போது ‘வில்லிங்னெஸ்’ என்ற சொல்லைப் போடுகிறது. ஒன்றைச் செய்யவோ செய்யாமல் இருக்கவோ தனக்கு இசைவு உண்டு என்பதை, எதிராளியின் ஒப்புதலைப் பெறும் நோக்கத்தோடு அவரிடம் தெரிவித்தால் அது முன்மொழிவு. உள்ளுக்குள் ஆசையாக இருந்தாரா, அலுப்பாக இருந்தாரா என்ற விசாரணையே அங்கே கிடையாது.

‘வில்’லோடு ‘இங்’ சேர்ந்து வந்த சொல்லா? ‘கோயிங்’, ‘கமிங்’ மாதிரியா?

பிறப்பில் அப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் ‘வில்’ என்பது வேண்டுவது, நாடுவது என்ற பொருளுள்ள வினை. அதன் ‘இங்’ வடிவம் பெயரடையாக நிலைத்துவிட்டது. இன்றைக்கு அதை ‘ஹேப்பி’, ‘ரெடி’ போல நடத்துங்கள். ‘ஐ வில்லிங்’ தவறு, ‘ஐ வில் வில்லிங்’ அதைவிடத் தவறு. ‘ஐ ஆம் வில்லிங்’ என்று ‘ஆம்’ கட்டாயம் வர வேண்டும்.

அந்தப் பழைய வினையின் பிள்ளைகள் இன்னும் பல இடங்களில் இருக்கிறார்கள். எதிர்காலம் காட்டும் ‘வில்’ ஒன்று. செத்த பிறகு சொத்து யாருக்கு என்று எழுதிவைக்கிற ‘வில்’ இன்னொன்று. நாம் ‘உயில்’ என்கிறோமே, அது இந்தச் சொல்தான்.

‘வில் நாட்’ சுருங்கி வந்த ‘வோன்ட்’ என்பதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விடியற்காலைக் குளிரில் ஜீப் கிளம்பவில்லை என்றால் ‘தி ஜீப் வோன்ட் ஸ்டார்ட்’ என்பார்கள். அது எதிர்காலத்தைப் பற்றிய பேச்சில்லை. வண்டி இப்போது, இந்த நிமிஷம் அடம் பிடிக்கிறது என்று அர்த்தம். நாம் என்ன சொல்கிறோம்? ‘வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது.’ மாட்டேன் என்று சொல்ல வண்டிக்கு ஏது மனசு? நம் ‘மாட்டேன்’ எதிர்காலத்தையும் மறுப்பையும் ஒன்றாகச் சுமப்பது போலவே அவர்களுடைய ‘வோன்ட்’டும் சுமக்கிறது. இலக்கணப் புத்தகத்தில் நாலு பக்கம் விளக்குவதை எங்கள் டிரைவர்கள் இந்த ஒரு வாக்கியத்தில் புரிந்துகொள்கிறார்கள்.

‘ஐ வில் கம்’ என்பதற்கும் ‘ஐ ஆம் வில்லிங் டு கம்’ என்பதற்கும் என்ன வித்தியாசம்?

முதலாவது வாக்குக் கொடுப்பது. இரண்டாவது ஆட்சேபணை இல்லை என்று தெரிவிப்பது. காலை மூன்று மணிக்குக் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு வண்டி வேண்டும் என்று விருந்தினர் கேட்கிறார். நீங்கள் ‘ஐ ஆம் வில்லிங் டு கம் அட் த்ரீ’ என்று சொல்லிவிட்டு, உறுதி செய்து போன் வரும் என்று காத்திருக்கிறீர்கள். அவரோ வண்டி பேசி முடிந்தது என்று பெட்டியோடு வாசலில் நிற்கலாம், அல்லது நீங்கள் இழுக்கிறீர்கள் என்று எண்ணி வேறு வண்டி பிடிக்கலாம். வருவது நிச்சயம் என்றால் ‘ஐ வில் கம் அட் த்ரீ’ என்று முடித்துவிடுங்கள்.

வாக்கியத்தில் எப்படிப் போடுவது?

‘வில்லிங் டு’, அதற்கு அடுத்து வினையின் அடிப்படை வடிவம். வில்லிங் டு வெயிட், வில்லிங் டு லேர்ன், வில்லிங் டு பே. ‘வில்லிங் டு லேர்னிங்’ வராது. ‘வில்லிங் ஃபார் லேர்னிங்’ நம் ஊர் ஆபீஸ்களில் நிறையக் காதில் விழும், ஆனாலும் எழுத்தில் தவிர்த்துவிடுங்கள். வேறொருவர் செய்ய நீங்கள் சம்மதிக்கும்போது மட்டும் ‘ஃபார்’ வரும்: ‘ஐ ஆம் வில்லிங் ஃபார் ஹிம் டு டேக் மை ரூம்’, அதாவது அவர் என் அறையை எடுத்துக்கொள்ள எனக்குச் சம்மதம்.

அழுத்தம் கொடுக்க ‘குவைட் வில்லிங்’, ‘பெர்ஃபெக்ட்லி வில்லிங்’, ‘மோர் தேன் வில்லிங்’ எல்லாம் உண்டு. ‘ஒன்லி டூ வில்லிங்’ என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். ‘டூ’ வந்தாலே அளவுக்கு மீறியது, குற்றம் சொல்வது என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டோம். இங்கே அப்படி இல்லை, ‘மகிழ்ச்சியோடு செய்வேன்’ என்பதுதான் பொருள்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் அர்த்தம் மாறுமா? ‘வில்லிங் ஒர்க்கர்’ என்கிறார்களே?

நல்ல கேள்வி. கொஞ்சம் மாறும். ‘ஹி ஈஸ் வில்லிங் டு ஒர்க்’ என்றால் வேலை பார்க்கச் சம்மதிக்கிறார், அவ்வளவுதான். ‘எ வில்லிங் ஒர்க்கர்’ என்றால் முகம் சுளிக்காமல், உற்சாகமாக இழுத்துப்போட்டு வேலை செய்கிறவர். ‘வில்லிங் ஹேண்ட்ஸ்’ என்பதும் அப்படித்தான். பழைய உற்சாக அர்த்தம் இந்த இடத்தில் இன்னும் தங்கியிருக்கிறது.

தேவாலயம் போகிறவர்களுக்கு இது தெரிந்ததுதான். மத்தேயு 26:41-இல் ‘ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது’ என்று தமிழ் வேதாகமத்தில் படிக்கிறோம். ஆங்கிலத்தில் அந்த ‘உற்சாகமுள்ள’ இருக்கும் இடத்தில் ‘வில்லிங்’தான் நிற்கிறது. கிரேக்க மூலச் சொல்லுக்கும் ஆர்வம், முனைப்பு என்றே பொருள். இந்த வசனம் இப்போது பொதுப் பேச்சில் வேடிக்கையாகவும் புழங்குகிறது. காலை ஐந்து மணிக்கு வாக்கிங் போக அலாரம் வைத்துவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்கிறவர்கள் ‘தி ஸ்பிரிட் ஈஸ் வில்லிங்’ என்று பாதியில் நிறுத்திக்கொள்வார்கள். மீதி கேட்பவருக்குத் தெரியும்.

அப்புறம் ‘வில்லிங் ஹார்ஸ்’ என்றொரு வழக்கு. எதைச் சொன்னாலும் சரி என்கிற ஆள் தலையிலேயே எல்லா வேலையையும் கட்டுவது. நாம் குனியக் குனியக் குட்டுவது என்கிறோம். மே மாத மலர்க் கண்காட்சி சீசனில் ஒவ்வொரு ஓட்டலிலும் இப்படி ஒருவர் இருப்பார். லீவு கேட்காத ஆள் யார் என்று மேனேஜருக்கும் நன்றாகத் தெரியும்.

இன்டர்வியூவில் ‘ஆர் யூ வில்லிங் டு ரீலொகேட்?’ என்று கேட்டால்?

எங்கள் வகுப்பில் அதிகம் ஒத்திகை பார்க்கப்படும் கேள்வி இது. மலையில் வேலை குறைவு. திருப்பூர், கோயம்புத்தூர், பெங்களூரு என்று இறங்கித்தான் ஆக வேண்டும். கேள்வியின் பொருள் ‘ஊர் மாறச் சம்மதமா?’ என்பது. பலர் ‘எஸ் சார், ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டட்’ என்று பதில் சொல்கிறார்கள். கேட்டது சம்மதம், கிடைத்தது ஆர்வம். கேட்டவருக்குத் தேவையான பதில் வரவில்லை.

‘எஸ், ஐ ஆம்’ என்று முதலில் நேராகச் சொல்லுங்கள். நிபந்தனை இருந்தால் அதையும் கூடவே வையுங்கள்: ‘ஐ ஆம் வில்லிங் டு ரீலொகேட், பட் ஐ வுட் நீட் எ மன்த்.’ சம்மதத்துக்கு நிபந்தனை இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதற்கும் தலையாட்டிவிட்டு, சேர வேண்டிய நாளுக்கு முதல் நாள் வீட்டில் விடவில்லை என்று போன் செய்வதுதான் மானக்கேடு. இல்லை என்றால் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் வெறுமனே ‘ஐ ஆம் நாட் வில்லிங்’ என்று நிறுத்தினால் கதவைப் படாரென்று சாத்தியது போல இருக்கும். ‘ஐ வுட் பிரிஃபர் டு ஸ்டே இன் தி நீலகிரிஸ் ஃபார் நவ்’ என்றால் அதே செய்தி, முகம் கோணாமல்.

விண்ணப்பக் கடிதத்தில் ‘ஐ ஆம் வில்லிங் டு ஜாயின் யுவர் எஸ்டீம்டு கம்பெனி’ என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். அவர்கள் இன்னும் கூப்பிடவே இல்லை. கூப்பிடாத இடத்தில் ‘வரச் சம்மதம்’ என்று சொன்னால், நீங்கள் அவர்களுக்கு உபகாரம் செய்வது போல ஆகிவிடும். ‘ஐ வுட் லைக் டு அப்ளை’ அல்லது ‘ஐ ஆம் கீன் டு ஒர்க்’ என்று எழுதுங்கள். ‘எஸ்டீம்டு’ பற்றியும் எனக்கொரு மனக்குறை உண்டு, அதை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம்.

விருந்தினரிடம் ‘ஆர் யூ வில்லிங்?’ என்று கேட்கலாமா?

டீ வேண்டுமா என்பதற்கு ‘ஆர் யூ வில்லிங் டு டேக் டீ?’ என்று கேட்கக் கூடாது. டீ குடிப்பது அவர் உங்களுக்குச் செய்யும் உதவி இல்லை. ‘வுட் யூ லைக் சம் டீ?’ சரி.

‘ஆர் யூ வில்லிங் டு பே எக்ஸ்ட்ரா?’ இன்னும் மோசம். கேம்ப் ஃபயருக்குத் தனிக் கட்டணம் என்பதைச் சொல்ல வந்து, ‘உன்னால் பணம் தர முடியுமா?’ என்று சந்தேகப்பட்டது போல ஆகிவிடுகிறது. ‘தேர் ஈஸ் எ சார்ஜ் ஃபார் தி கேம்ப் ஃபயர். வுட் யூ லைக் அஸ் டு அரேஞ்ச் இட்?’ என்று தகவலை முதலில் வைத்து, பிறகு கேளுங்கள்.

ஆனால் நிஜமாகவே உதவி கேட்க வேண்டிய இடத்தில் இந்தச் சொல் அருமையாகக் கைகொடுக்கும். கீசர் பழுது, அறை மாற்ற வேண்டும் என்று வையுங்கள். ‘வுட் யூ பி வில்லிங் டு மூவ் டு தி நெக்ஸ்ட் ரூம்?’ என்றால், முடிவு உங்கள் கையில், மறுத்தாலும் வருத்தமில்லை என்ற பணிவு அதில் இருக்கிறது. ‘ஆர் யூ’வை ‘வுட் யூ பி’ ஆக்கியதில்தான் பாதி மரியாதை.

‘அன்வில்லிங்’, ‘ரிலக்டன்ட்’, ‘ஹெசிடன்ட்’ எல்லாம் ஒன்றுதானே? எல்லாமே தயக்கம்தானே?

தமிழில் ‘தயக்கம்’ என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று நிலை. ஒரு டாக்ஸிக்காரரை வைத்துச் சொல்கிறேன்.

ஊட்டியிலிருந்து தலைகுந்தா, கல்லட்டி வழியாக மசினகுடிக்குப் போக வேண்டும் என்கிறார் பயணி. 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்தான இறக்கம், பிரேக் சூடாகிற பாதை. ஓட்டுநருக்கு அந்தப் பாதையில் இப்போது விடுவார்களா, பயணி திரும்பி எத்தனை மணிக்கு வருவார் என்பது தெரியவில்லை. யோசிக்கிறார். இது ஹெசிடன்ட். விவரம் தெரிந்தால் சரி என்பார்.

இன்னொருவருக்கு எல்லாம் தெரியும். போன வாரம்தான் பிரேக் பேட் மாற்றினார். கூடலூர் சுற்றிப் போகலாமே என்பது அவர் எண்ணம். இருந்தாலும் சவாரியை விட மனமில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாவியை எடுக்கிறார். இது ரிலக்டன்ட். நம்மிடம் அதற்கு அச்சு அசலான சொல் இருக்கிறது: வேண்டா வெறுப்பாக. ‘வேண்டா வெறுப்புக்குப் பிள்ளை பெற்று காண்டாமிருகம்னு பேர் வைச்சாளாம்’ என்பார்களே, அந்த மனநிலை. லத்தீனில் இந்தச் சொல்லின் வேருக்கு எதிர்த்து மல்லுக்கட்டுவது என்று பொருள். உள்ளே மல்லுக்கட்டு நடக்கும், வெளியே காரியமும் நடக்கும்.

மூன்றாமவர் ‘இல்லைங்க, அந்த ரோட்டுல நான் வர்றதில்லை’ என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார். இது அன்வில்லிங்.

ஆக, ரிலக்டன்ட் ஆள் பெரும்பாலும் வேலையைச் செய்து முடிப்பார், அன்வில்லிங் ஆள் செய்ய மாட்டார். ‘ஹி வாஸ் ரிலக்டன்ட் பட் ஹி கேம்’ என்று இயல்பாகச் சொல்லலாம். ‘ஹி வாஸ் அன்வில்லிங் பட் ஹி கேம்’ என்றால், யாரோ கையைப் பிடித்து இழுத்து வந்தார்களோ என்று தோன்றும்.

‘லோத்’ என்றொரு சொல் நாளிதழில் பார்த்தேன். அது?

ரிலக்டன்டைவிட ஒரு படி அழுத்தமான, கொஞ்சம் புத்தக வாடை அடிக்கிற சொல். ‘ஐ ஆம் லோத் டு லீவ்’ என்றால் விட்டுப் போக மனமே வரவில்லை. இதன் கடைசியில் ஒரு ‘ஈ’ எழுத்தைச் சேர்த்தால் அடியோடு வெறுப்பது என்ற வினைச்சொல் ஆகிவிடும். உச்சரிப்பிலும் கடைசி ஒலி ‘திங்க்’கில் வருவதிலிருந்து ‘தட்’டில் வருவதற்கு மாறும். பேச்சுக்கு ரிலக்டன்ட் போதும்.

கிரய ஒப்பந்தத்தில் ‘ரெடி அண்ட் வில்லிங்’ என்று ஏன் இரண்டு சொல்? ஒன்று போதாதா?

நிலம் வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போட்டாயிற்று, விற்பவர் பத்திரம் எழுதித் தர மறுக்கிறார் என்றால் வாங்குபவர் நீதிமன்றம் போகலாம். அப்போது 1963-ஆம் வருடத்து குறித்தவகை தீர்வுச் சட்டத்தின் 16(சி) பிரிவு குறுக்கே வரும். தன் பங்கை நிறைவேற்ற எப்போதும் ரெடியாகவும் வில்லிங்காகவும் இருந்ததாக வழக்குப் போட்டவர் நிரூபிக்க வேண்டும்.

ரெடி என்பது திராணி. மிச்சப் பணத்தைக் கட்டும் சக்தி இருந்ததா என்பது. வில்லிங் என்பது நடத்தை. கெடு முடியும் முன் கடிதம் போட்டாரா, பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு வருகிறேன் என்று தெரிவித்தாரா, அல்லது விலை ஏறட்டும் என்று சும்மா இருந்தாரா என்பது. உச்ச நீதிமன்றமும் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறது. வங்கியில் பணம் இருந்தும் வருஷக்கணக்கில் வாய் திறக்காதவர் ரெடி, ஆனால் வில்லிங் இல்லை. மறுபக்கம், தினமும் போன் செய்தும் கையில் காசு இல்லாதவர் வில்லிங், ஆனால் ரெடி இல்லை. வக்கீல் நோட்டீஸில் ‘தயாராகவும் விருப்பமாகவும்’ என்று வருவது இந்த இணையின் தமிழ். உங்கள் சொந்த விவகாரத்துக்கு வக்கீலைப் பாருங்கள், ஆங்கில வாத்தியாரை நம்பாதீர்கள்.

‘வில்லிங் பையர், வில்லிங் செல்லர்’ என்றால்?

கட்டாயம் எதுவும் இல்லாமல் வாங்கச் சம்மதிக்கிறவரும், கட்டாயம் எதுவும் இல்லாமல் விற்கச் சம்மதிக்கிறவரும் ஒத்துக்கொள்கிற விலையே சந்தை விலை என்ற கணக்கு. 1894-ஆம் வருடத்து நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் கீழ் வந்த இழப்பீட்டு வழக்குகளில் நீதிமன்றங்கள் இந்த அளவுகோலைத்தான் எடுத்துக்கொண்டன.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தேயிலையை வைத்தே விளங்கவைக்கலாம். குன்னூர் ஏலத்தில் ஃபேக்டரி தன் தூளை விற்பனைக்கு வைக்கிறது. எதிர்பார்த்த விலை வரவில்லை என்றால் விற்காமல் நிறுத்திவைத்து, பின்னால் வருகிற ஏலத்தில் திரும்பவும் வைக்கலாம். இவர் வில்லிங் செல்லர் என்பதில் சந்தேகமில்லை, வேண்டாம் என்று சொல்லும் வழி இருக்கிறது.

பச்சைத் தேயிலை கொடுக்கிற சிறு விவசாயி? காலையில் பறித்த கொழுந்து சாக்கில் அமுங்கிக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும். தேயிலை வாரியம் மாதாமாதம் சராசரி விலை ஒன்றை அறிவிக்கிறது, ஆனாலும் விலை பிடிக்கவில்லை என்று கொழுந்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ள அவரால் முடியாது. விற்கிறார், கையெழுத்தும் போடுகிறார். வில்லிங் செல்லரா? என்னைக் கேட்டால் ரிலக்டன்ட் செல்லர் என்பேன். ‘முடியாது’ என்று சொல்ல வழியுள்ள இடத்தில்தான் வில்லிங் என்ற சொல்லுக்கு முழு எடை.

‘வாலன்டரி’ என்பதும் இதுதானா?

பக்கத்துச் சொல். வாலன்டரி என்பது செயலைப் பற்றியது, கட்டாயப்படுத்தாமல் நடந்ததா என்று பார்க்கும். வில்லிங் என்பது ஆளைப் பற்றியது. 2006-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், புலிகள் காப்பகத்திலிருந்து மக்களை வெளியே குடியமர்த்துவது வாலன்டரியாக, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளோடு இருக்க வேண்டும் என்கிறது. முதுமலையிலிருந்து குடும்பங்கள் வெளியேறியபோதும் இந்தச் சொல் அடிபட்டது. காகிதத்தில் எல்லாம் வாலன்டரியாக இருந்து, தாத்தா காலத்து மண்ணை விட்டுக் கிளம்புகிறவர் ரிலக்டன்டாகவும் இருக்கலாம். இரண்டும் முரண் இல்லை.

அரசுப் படிவத்தில் ‘வில்லிங் / நாட் வில்லிங்’ என்று இருக்கிறது. ‘ஐ கிவ் மை வில்லிங்னெஸ்’ என்று எழுதலாமா?

நம் அலுவலகங்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள், எல்லோருக்கும் புரிகிறது, எழுதிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்கு என்றால் ‘ஐ ஆம் வில்லிங் டு’ என்று தொடங்குவதே இயல்பு. எதற்குச் சம்மதம் என்பதை முழுதாக எழுதுங்கள். ‘ஐ ஆம் வில்லிங் டு பி போஸ்டட் அட் கூடலூர்’ என்று இருக்க வேண்டும். வெறும் ‘ஐ ஆம் வில்லிங்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, கூடலூர் என்று நினைத்தேன், பந்தலூர் கிடைத்தது என்று பிறகு புலம்பிப் பயனில்லை.

‘பொண்ணு வில்லிங் இல்லை’ என்கிறார்களே, அது சரியான ஆங்கிலமா?

தமிழ்ப் பேச்சுக்குள் அது தமிழ்தான், யாரும் திருத்த வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் சொல்லும்போது மட்டும் ஜாக்கிரதை. ‘ஷீ ஈஸ் வில்லிங் டு மேரி ஹிம்’ என்றால் ‘பரவாயில்லை, கட்டிக்கொள்கிறேன்’ என்ற தொனி வந்துவிடும். நிச்சயம் முடிந்த சந்தோஷத்தில் வெளிநாட்டு நண்பருக்கு இப்படி மெயில் அனுப்பினால் அவர் ஆறுதல் சொல்லிப் பதில் போடுவார். ‘ஷீ ஹேஸ் செட் எஸ்’ என்று எழுதுங்கள்.

ஆர்வத்தைக் காட்ட என்ன சொல்?

‘கீன்’ நல்ல ஆர்வம். ‘ஈகர்’ பொறுக்க முடியாத ஆர்வம். ‘ஹேப்பி டு’ வாடிக்கையாளர் எதிரில் எப்போதும் பாதுகாப்பானது, ‘ஐ வில் பி ஹேப்பி டு ஹெல்ப்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ‘பிரிப்பேர்டு டு’ விறைப்பான சொல், பேரம் பேசும்போது வரும்.

உச்சரிப்பு?

எழுத்தில் இரண்டு ‘எல்’, ஒலியில் ஒன்றுதான். வி-லிங். தமிழில் எழுதும்போது ‘ல்லி’ என்று எழுதினாலும் நாக்கை அழுத்த வேண்டாம். முதல் எழுத்துக்கு உதட்டைக் குவியுங்கள், மேல் பல் கீழ் உதட்டைத் தொடக் கூடாது. தொட்டால் அது ‘வில்லன்’ குடும்பம். கடைசியில் ‘கு’ ஒட்டிக்கொள்ளாமல் மூக்கிலேயே நிறுத்துங்கள்.

வில்லிங்கும் ‘வில்ஃபுல்’லும் ஒன்றா?

இல்லவே இல்லை. வில்ஃபுல் என்றால் வேண்டுமென்றே செய்தது, அதுவும் தப்பான காரியத்துக்குத்தான் பெரும்பாலும் வரும். ‘வில்ஃபுல் டிஃபால்டர்’ என்று ரிசர்வ் வங்கி சொல்வதில், கட்டும் வசதி இருந்தும் கடனைக் கட்டாதவர் அடக்கம். குழந்தையைச் சொன்னால் பிடிவாதக்காரன் என்று பொருள். ‘ஐ ஆம் எ வில்ஃபுல் ஒர்க்கர்’ என்று பயோடேட்டாவில் எழுதினால் அடங்காத ஆள் என்று நீங்களே ஒப்புக்கொண்டது போலாகும். பிரிட்டிஷ் வழக்கில், நம் வங்கிக் காகிதங்களிலும், இதற்கு நடுவில் ஒரே ‘எல்’. அமெரிக்கர்கள் இரண்டு போடுவார்கள். வில்லிங்குக்கு எங்கேயும் இரண்டுதான்.